கொத்தனார் விட்டுட்டுப் போன வாசம்

மாப்ளே, பழைய வீட்டைப் புதுப்பிச்சுப் பால் காய்ச்சின அன்னிக்கு வாசல்ல கட்டுன மாவிலை காஞ்சு சருகாப் போச்சு, வீட்டுக்குள்ள நாத்தம் மட்டும் பச்சையாவே இருக்குன்னு போன்ல புலம்புனியே, கேட்டேன். பினாயில் ஊத்துனே, ஆசிட் ஊத்துனே, மல்லிகை வாசத்துல ஸ்ப்ரே அடிச்சே, கடைசியா வாஸ்துக்காரரையும் கூட்டியாந்து காட்டிட்டே. ஈசான மூலையில கக்கூஸ் இருக்குன்னு அவர் சொல்லியிருப்பாரே? எந்த மூலையில இருந்தாலும் குழாய் ஒழுங்கா இருந்தா நாறாதுன்னு அவருக்கும் தெரியும். அதைச் சொன்னா தட்சிணை கிடைக்காதுல்ல.

உன்னைக் குத்தம் சொல்லல. நீ விவரமான ஆளு. பாத்ரூம் டைல்ஸுக்காக மதுரையில ஒரு கடை பாக்கி வைக்காம ஏறி இறங்குனே. அந்த டைல்ஸுக்கு அடியில போற நானி டிராப் எது வேணும்னு கேட்டப்ப, "இருக்கிறதுல சல்லிசாப் பாத்துப் போடுங்க"ன்னு சொன்னதும் நீதான். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குக் காசு எடுக்க நம்ம வம்சத்துல எவனுக்கும் கை வந்ததில்ல. அதனால நீ உங்க தாத்தன் பேரைக் காப்பாத்திட்டேன்னுதான் சொல்லணும்.

சரி, விசயத்துக்கு வருவோம். சாக்கடைக் காத்துக்கும் உன் மூக்குக்கும் நடுவுல காவலுக்கு நிக்கிறது வெறும் தண்ணிதான். அந்த டிராப்புல, குழாய் வளைஞ்ச இடத்துல 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு அங்குல உசரத்துக்குத் தண்ணி தேங்கி நிக்கணும். அது நின்னா நாத்தம் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். லண்டன்ல அலெக்சாண்டர் கம்மிங்னு ஒருத்தர் 1775லயே கக்கூஸ் குழாயைப் பாம்பு மாதிரி வளைச்சுவிட்டுக் காப்புரிமை வாங்கிட்டாரு. கடிகாரம் செய்யுற மனுசன் அவரு. இங்க குழாய் வேலையே செய்யுற ஆளு அந்த வளைவை மறந்துட்டுக் கூலியை மட்டும் மறக்காம வாங்கிட்டுப் போறான்.

ஆக முதல் வைத்தியம் ஒரு வாளித் தண்ணி. விருந்தாளி வந்தா தங்கட்டும்னு கட்டி வச்சிருக்கியே ஒரு ரூம், அதுக்குள்ள ஒரு பாத்ரூம். உன் வீட்டுக்கு விருந்தாளி எவன் வர்றான்? டிராப்புல நின்ன தண்ணி ஆவியாப் போயிருக்கும். வீட்டுல இருக்குற ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி ஊத்து. பால்கனி, மொட்டை மாடிக் கதவோரம், துணி துவைக்கிற இடம், எதையும் விடாதே. ராத்திரி விட்டுட்டுக் காலையில மோந்து பாரு. போயிருந்தா, வாஸ்துக்காரருக்குக் கொடுத்ததை நட்டக் கணக்குல எழுதி வச்சுக்கிட்டு, வாரம் ஒரு வாளி ஊத்திக்கிட்டு இரு.

ஊத்துன தண்ணி நிக்கலேன்னா எங்கயோ உறிஞ்சுதுன்னு அர்த்தம். மாடியில ஃப்ளஷ் பண்ணச் சொல்லிட்டு நீ கீழ பாத்ரூம்ல காதை வச்சுக் கேளு. தரையில 'குளுக் குளுக்'னு சத்தம் வந்தா காத்துக் குழாய் அடைஞ்சிருக்கு. காத்து உள்ள போக வழி இல்லாம, கீழ இறங்குற தண்ணி உன் டிராப்புல இருக்கிறதையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருது. பழைய வீட்டுல ஓட்டுக்கு மேல குச்சி மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கிட்டு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அதுதான் காத்துக் குழாய். மாடி எடுக்கிறப்போ அதை என்ன செஞ்சாங்கன்னு கேட்டியா? "இது சும்மா நிக்குது சார்"னு அறுத்து மூடியிருப்பான். இல்லேன்னா புது பெட்ரூம் சன்னலுக்கு நேரா விட்டிருப்பான். அது மொட்டை மாடிக்கும் மேல, சன்னலை விட்டுத் தள்ளி, கொசுவலை கட்டி நிக்கணும்.

பாத்ரூம்ல நாறல, படுக்கிற ரூம்ல ஏ.சி.க்குக் கீழதான் நாறுதுன்னு உன் வீட்டுக்காரி சொன்னாளாமே. நீ அவளுக்கு மூக்கு சரியில்லேன்னியாம். மூக்கு சரியில்லாதது உனக்குத்தான். நாள் முழுக்க ஒரே நாத்தத்துல இருந்தா மூக்கு மரத்துப் போகும். தெருமுனை வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு உள்ள வா, அப்பத் தெரியும். ஏ.சி. தண்ணி போறதுக்குச் சுவத்துக்குள்ள ஒரு பைப் பதிச்சிருப்பாங்க. அதைச் செடிக்கு விட்டிருந்தா ரோசாவாவது வளந்திருக்கும். உன் ஆளு சுவத்தை உடைக்கச் சோம்பேறித்தனப்பட்டு பக்கத்துல போற கக்கூஸ் லைன்லயே கோர்த்து விட்டிருப்பான். வளைவும் கிடையாது, தண்ணியும் கிடையாது. ராத்திரி பூரா சாக்கடைக் காத்தைக் குளுகுளுன்னு சுவாசிக்கிற. அந்த முனையைப் பிரிச்சு வெளிய விடுறது அரை நாள் வேலை.

அடுப்படி சிங்க் அடியில குனிஞ்சு பாரு. உனக்குத் தொப்பை, உன் மகனைக் குனியச் சொல்லு. வளைஞ்சு நெளிஞ்சு ஒரு வெள்ளை ஹோஸ் வந்து சுவத்துக் குழாய்க்குள்ள சும்மா சொருகியிருக்கும், சுத்தி விரல் போற அளவுக்கு இடைவெளி. அங்க ரப்பர் புஷ் போட்டு இறுக்கணும். வாஷிங் மெஷின் ஹோஸும் அதே கதைதான்.

வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்தா ஆடுதா? ரப்பர் கனெக்டர் போடாம வெறும் வெள்ளை சிமெண்ட்டை அப்பி ஒட்டியிருப்பான். நீ உக்காந்து உக்காந்து அது வெடிச்சிருக்கும், அந்த வெடிப்பு வழியாவும் நாத்தம் வரும். உன் எடையைப் பத்தி நான் எதுவும் சொல்லல.

அப்புறம் அந்தப் புது யு.பி.வி.சி. சன்னல். ஈ நுழையாதுன்னு பீத்திக்கிட்டே. சன்னலை எல்லாம் சாத்திட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டா, வெளிய தள்ளுற காத்துக்குப் பதில் காத்து எங்கிருந்து வரும்? காஞ்சு கிடக்கிற ஓட்டை வழியா சாக்கடையில இருந்துதான். நாத்தத்தை விரட்டுறேன்னு நீயே வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற.

இதுக்கும் அடங்கலேன்னா, பழைய பாத்ரூம் இருந்த இடத்தைச் சந்தேகப்படணும். அதைத்தான் இப்ப பூசை ரூம் ஆக்கிட்டியே! பழைய குழாய் வாயில மூடி போட்டு அடைச்சானா, இல்ல சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணிச்சுட்டு மேல டைல்ஸ் ஒட்டுனானா? சேம்பர் மூடியவும் டைல்ஸுக்குள்ள புதைச்சிருப்பான், அழகு கெடக்கூடாதுன்னு நீயே சொல்லியிருப்பே. கொத்தனாரைக் கேட்டா "அப்படியெல்லாம் இல்லீங்க"ம்பான். கலவை சுமந்த சித்தாள் அம்மாவைக் கேளு. அவங்களுக்கு எந்த ஓட்டையில எது போச்சுன்னு அத்தனையும் தெரியும், யாரும் கேக்காததால சொல்லல. வேலை நடக்கிறப்போ தினமும் செல்ஃபி எடுத்து அனுப்புனியே, அதையும் தேடு. உன் மூஞ்சிக்குப் பின்னால குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். அந்தப் படத்துக்கு அந்த ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும்.

விளையாட்டில்லாம ரெண்டு சங்கதி சொல்றேன், கேட்டுக்க. ஆசிட் ஊத்துன ஓட்டையில ப்ளீச்சிங் பவுடரைப் போட்டுறாதே. ரெண்டும் கலந்தா குளோரின் கிளம்பி நெஞ்சைப் புடிக்கும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து தீக்குச்சி கிழிச்சு எட்டிப் பாக்காதே, உள்ள மீத்தேன் இருக்கும். அழுகுன முட்டை வாடை வர்ற காத்து அதிகமானா மூக்கையே செத்துப் போகவச்சிரும். வாடை நின்னுருச்சேன்னு உள்ள தலையை விட்டவன் எந்திரிக்க மாட்டான். கூலி கொடுக்கிறேன்னு எந்த மனுசனையும் அதுக்குள்ள இறக்காதே. அது 2013 சட்டப்படி குத்தம், சட்டம் இல்லேன்னாலும் குத்தம். உறிஞ்சுற லாரியைக் கூப்பிடு.

நான் ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன், நீலகிரித் தைலம் வாங்கிட்டு வர்றேன். எல்லா ஓட்டையிலயும் தண்ணி நிறைச்சு வை. நீ மொட்டை மாடிக்குப் போய்க் காத்துக் குழாய்க்குள்ள தைலத்தை ஊத்தி, பின்னாலயே ஒரு வாளி சுடுதண்ணி விடு. நான் கீழ ரூம் ரூமாப் போவேன். எந்த இடத்துல ஊட்டி வாசம் அடிக்குதோ அந்த இடத்துல உளியை வைப்போம். வெள்ளைக்காரப் பிளம்பருங்க புதினாத் தைலத்தை வச்சு இதையேதான் செஞ்சாங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் நீ கீழ இறங்கப்படாது. கையில ஒட்டுன வாசத்தோட வந்தேன்னா வீடே கசியுதுன்னு காட்டும். வெயில் ஏறும், குடை எடுத்துக்க.

கறி எடுத்து வைக்கச் சொல்லு. மோந்து முடிக்கிற வரைக்கும் அடுப்புல மட்டும் ஏத்த வேணாம்.