ஒரு கட்டு றிப்போட்டும் வீங்கின முழங்காலும்

வா மோனே, இரு. காலை நீட்டு. முழங்கால் வீங்கிச் சிவந்து கிடக்கு, நீயென்ன றிப்போட்டுப் பைலைத் தூக்கிக் காட்டுறாய்? பைலுக்கே காய்ச்சல்?

ரத்தப் பரிசோதனையைப் பக்கேஜ் எண்டு சொல்லி விக்கிறாங்கள், நீயும் வாங்கிப்போட்டாய். கொலஸ்ட்ரோல் இருக்கு, ஈரல் இருக்கு, தைரொயிட்டும் இருக்கு. எல்லாத்தையும் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினாய். அங்கை இருந்து மச்சான், யூரிக் அசிட் நோமல், அப்ப கவுட் எண்ட மூட்டு வருத்தம் இல்லை எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டான். அவன் படிச்சது கணக்கியலெல்லே? கவுட் உச்சத்திலை நிக்கேக்கையும் யூரிக் அசிட் நோமலாக் காட்டும். கூடிக் கிடக்கிறவனுக்குக் கவுட் வராமலே போகவும் கூடும். கள்ளும் நண்டுமாத் திரியிற எங்கடை ஆக்களைப் பார், விளங்கும்.

சி.ஆர்.பி. கூடிப்போச்சாம். உடம்பிலை எங்கையோ அழற்சி எண்டு மட்டும்தான் அது சொல்லும். பல்லிலையோ நெஞ்சிலையோ, அதுக்குத் தெரியாது. முழங்கால் சுடுதெண்டு உனக்குத் தெரியாதே?

நெடுந்தீவான் கிணறு வெட்டினால், தண்ணி உவரோ நன்னீரோ எண்டு எப்பிடிப் பாப்பான்? வேலிப் பூவரசிலை இலை எண்ணியே? வாளியை விட்டு அள்ளி வாயிலை வைச்சுப் பாப்பான். உன்ரை முழங்காலுக்கையும் தண்ணி கட்டிக் கிடக்கு. அதை ஊசியாலை எடுக்க மட்டும் பயம். ரத்தம் எத்தினை போத்தல் குடுத்தனி?

நல்ல மூட்டுத் தண்ணி தெளிவா, இளமஞ்சளா, பிசுபிசுப்பா இருக்கும். ஒரு மைக்றோ லீற்றரிலை வெள்ளணு 200-ஐத் தாண்டாது. கிருமி பூந்தால் கலங்கி வரும். 50,000-க்கு மேலை போச்செண்டால் டொக்டர்மார் கதிரையிலை இருக்கமாட்டினம். சாயம் போட்டு அண்டைக்கே பாப்பினம். அதிலை கிருமி தெரியாட்டிலும் தப்பினன் எண்டு நினையாதை, கனபேருக்கு அப்பிடித்தான். கிருமியை வளத்துப் பாக்கக் கல்ச்சர் வைச்சால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் எண்டு ரெண்டு மூண்டு நாளிலை வரும். அதே தண்ணியிலை ஊசி ஊசியாப் பளிங்கு கண்டால் கவுட். ரெண்டும் சேந்து வாறதும் உண்டு.

நீ செய்த வேலையைச் சொல்லட்டே? கடையிலை அமொக்சிசிலின் நாலு குளிசை வாங்கி விழுங்கிப்போட்டு வந்து நிக்கிறாய். கிருமி பாதி செத்து மீதி ஒளிச்சிடும், கல்ச்சரிலை ஒண்டும் முளைக்காமலும் போகும். பேந்து லாப்காரனைப் பேசுவாய். முதல் தண்ணி, பிறகு மருந்து. அதுக்காக நல்ல நாள் பாத்துக்கொண்டு இராதை. மூட்டுக்குள்ளை சிதழ் கட்டினால் குருத்தெலும்பு சில நாளிலையே அரிஞ்சுபோகும். மருந்தோடை சிதழையும் கழுவி எடுக்கவேணும். அம்மம்மாவின்ரை எண்ணெய் போட்டு உருவினதும் எனக்குத் தெரியும். சுளுக்குக்குச் சரி. காய்ச்சலோடை கொதிக்கிற மூட்டை ஆர் உருவச் சொன்னது?

உனக்குச் சீனி வருத்தமும் இருக்கு, மாரியிலை வெறுங்காலோடை வயலுக்கை நிண்டனியெல்லே? அதை மறக்காமல் டொக்டரிட்டைச் சொல்லு. மெலியோய்டோசிஸ் எண்டு ஒண்டு இருக்கு. மண்ணிலையும் தண்ணியிலையும் சீவிக்கிற கிருமியாலை வாறது. விற்மோர் எண்டவர் 1911-லை றங்கூனிலை கண்டது, இலங்கையிலை 1927-லேயே எழுதி வைச்சாச்சு. இன்னும் புது வருத்தமெண்டு கண்ணை உருட்டுறியள். நீ வாயைத் திறக்காட்டில், லாப்பிலை வெளிக்கிருமி கலந்திட்டுது எண்டு கல்ச்சர்த் தட்டை எறிஞ்சாலும் எறிவினம். அமொக்சிசிலினை அந்தக் கிருமி கணக்கெடுக்காது. செப்ராசிடிம், இல்லாட்டில் மெரோபெனம், கிழமைக்கணக்கா ஊசி. பேந்து கோ-ட்றைமொக்சசோல் குளிசை மூண்டு மாசம். அலுத்துப்போய் இடையிலை விட்டியோ, திரும்பி வரும்.

எழும்பு. குறிகட்டுவானுக்குப் போற முதல் வள்ளத்தைப் பிடி. பேந்து பஸ், நேரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. முழுங்கின குளிசையின்ரை மட்டையைக் கொண்டுபோய்க் காட்டு. வெட்கமெண்டு ஒளிக்காதை. பைலைக் கொண்டுபோனால் கொண்டுபோ, பஸ்ஸிலை விசுக்கலாம். எண்ணெய்ப் போத்தலை இஞ்சை வைச்சிட்டுப் போ, என்ரை நாரிக்கு ஆகும்.