பிணம் விழுந்தால்தான் பேச முடியும்

ஒரு பிரபு, ஒரு மாளிகை, சரவிளக்கு தொங்கும் நடனக் கூடம், நடுவே ஒரு கொலை. இந்த நான்கும் உள்ள புத்தகம் கையில் சிக்கிவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் ரசம் சாதம்தான்.

நான் சொல்வது ரீஜென்சி நாவலை; அதாவது 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்து. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிப்போக, அவர் மகன் பிரதிநிதியாக உட்கார்ந்து கடன் வாங்கிச் செலவழித்த காலம். “காதல் கதையில் கொலை எதுக்கு?” என்று கேட்பார் என் கணவர். அவர் துப்பறியும் நாவல் கட்சி.

கொலை இல்லாவிட்டால் அங்கே காதலே நகராது, அதுதான் சங்கதி. கல்யாணமாகாத பெண் ஓர் ஆணோடு தனியாக ஐந்து நிமிடம் நின்றால் பேர் கெட்டுவிடும். ஒரே ஆளோடு இரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஊரே நிச்சயதார்த்தத் தேதி கேட்கும். கடைத்தெருவுக்குப் போனாலும் பின்னாலேயே ஒரு வேலைக்காரப் பெண். லண்டன் ஆல்மாக்ஸ் நடனக் கூடத்துக்குள் நுழைய, சீமாட்டிகள் கூடிப் பேசி அனுமதிச் சீட்டு கொடுக்கவேண்டும். உள்ளே போனால் எலுமிச்சைச் சாறும் ரொட்டியும் வெண்ணெயும்தான். இப்பேர்ப்பட்ட ஊரில் நாயகனும் நாயகியும் நள்ளிரவில், ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சந்திக்க, கம்பளத்தின்மேல் ஒருவர் செத்துக் கிடப்பதைவிட கௌரவமான காரணம் உண்டா?

கூப்பிட்ட குரலுக்குப் போலீஸும் வராது. லண்டன் மாநகரக் காவல்துறையே 1829-இல்தான் பிறந்தது. அதற்கு முன் போ ஸ்ட்ரீட் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் துப்புத் துலக்கவேண்டும். நாவல்களில் அவர்கள் தப்பான ஆளைப் பிடிப்பதற்கென்றே வருவார்கள். ஆகவே பொறுப்பு முழுக்க நாயகியின் தலையில்.

இந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டவர் ஜார்ஜெட் ஹேயர். 1935-இல் வந்த ‘ரீஜென்சி பக்’ நாவலில் ஜூடித் என்ற பணக்காரப் பெண், அவள் உடன்பிறந்தவன், இருவருக்கும் கார்டியனாக ஒரு திமிர் பிடித்த இளம் பிரபு. பையனின் உயிருக்கு அடுத்தடுத்து ஆபத்து. அதில் ஓர் ஆயுதம் என்ன தெரியுமா? மூக்குப்பொடி! நாகரிகத்துக்காக நாயகியே பொடி போடுகிறாள், அவளுக்கென்று தனிக் கலவை வேறு. தும்மல் வருமா, எமன் வருவானா என்று நம்மைப் பதற வைத்த நாவல் வேறு எது? இதில், கொலைகாரன் என்று யாரைச் சந்தேகப்படவேண்டுமோ அவரைக் கண்டால்தான் நெஞ்சு படபடக்கிறது.

எனக்கு அவர்மேல் சந்தேகமே வராது. பட்டமும் நிலமும் மூத்த ஆண் வாரிசுக்கே போகும் நாடு அது. வாரிசு இல்லாமல் செத்தால் சித்தப்பா மகனுக்கு லாபம். ஆகையால், குதிரைச் சேணத்தை நானே சரிபார்த்துவிட்டேன் என்று கேட்காமலே வந்து சொல்லும் பங்காளிமேல் முதலிலிருந்தே எனக்கு ஒரு கண். பங்காளிக் காய்ச்சலை நமக்கா சொல்லித் தரவேண்டும்?

ஹேயர் துப்பறியும் நாவல்களும் எழுதினார். அவற்றில் பலவற்றுக்குக் கொலைத் திட்டம் போட்டுத் தந்தவர் வக்கீலான அவர் கணவர். எங்கள் வீட்டில் காய்கறிப் பட்டியல்கூட நான்தான் போடவேண்டும்.

இன்னொன்று. நாயகனுக்குக் குண்டு எப்போதும் தோள்பட்டையில்தான் படும். வயிற்றில் பட்டால் 1815-இல் பிழைப்பது கஷ்டம். காலில் பட்டால் கடைசி அத்தியாயத்தில் வால்ட்ஸ் ஆட முடியாது. தோளென்றால் சட்டையைக் கழற்றவும் சௌகரியம்.

இந்த மர்மக்கதைப் பைத்தியத்தை ஜேன் ஆஸ்டின் அந்தக் காலத்திலேயே கேலி செய்துவிட்டார். அவர் காலமான பின், 1817 கடைசியில் வந்த ‘நார்தாங்கர் அபே’யில், புயலடிக்கும் ராத்திரியில் கேத்தரின் பழைய அலமாரியைக் குடைந்து ஒரு காகிதச் சுருளை எடுக்கிறாள். மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. விடிய விடிய நடுங்கிவிட்டு, காலையில் பிரித்தால் சலவைக் கணக்கு! சட்டை, காலுறை, கழுத்துத் துணி.

ஆஸ்டின் அதோடு சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அங்கேதான் சூடு பிடிக்கிறது. போட்ட கழுத்துத் துணிகளில் ஒன்று திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி அந்தப் பங்காளி எங்கே இருந்தான்?