நாலு சக்கரமும் இழுத்தால் போதுமா?

கேள்வி-பதில்

மகன் கனடாவில், கியூபெக் மாகாணத்தில் இருக்கிறான். ஆல் வீல் டிரைவ் கார் வாங்கிவிட்டு, "நாலு சக்கரமும் இழுக்குதுப்பா, தனியா பனி டயர் எதுக்கு?" என்கிறான். சரிதானா?
– ஒரு தகப்பனார், பாபநாசம்

அவர் முதலில் மோதப்போவது சட்டத்தோடு. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். நாலு சக்கரமும் இழுக்கிறது என்று வாதாடினால் அபராதத்தில் தள்ளுபடி தரமாட்டார்கள்.

சட்டம் கிடக்கட்டும். ஆல் வீல் டிரைவ் என்பது இன்ஜின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பங்கிட்டுத் தரும் ஏற்பாடு. வண்டி சட்டென்று கிளம்பும், மேடேறும். பிரேக்? அது மாருதி 800-லும் நாலு சக்கரத்துக்கும்தான் இருந்தது. நிறுத்துகிற விஷயத்தில் உங்கள் மகனின் வண்டிக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. அங்கே வேலை செய்வது டயர் மட்டுமே. சொல்லப்போனால், அந்த வண்டியின் ஆபத்தே அது சுகமாகக் கிளம்பிவிடுவதுதான். ரோடு வழுக்குகிறது என்பதே ஓட்டுகிறவருக்கு முதல் பிரேக்கில்தான் தெரியவரும்.

டயர் என்றால் கறுப்பு ரப்பர். அதில் பனி டயர், வெயில் டயர் என்று என்ன ஜாதி வித்தியாசம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ரப்பரின் குணம்தான் வித்தியாசம். நம் ஊர்க் கார் டயர் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்தது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகப் போக அது விறைத்துவிடும். விறைத்த ரப்பர் தரையோடு ஒட்டாது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. அவைதான் பனியைக் கவ்வுகின்றன. ஆழத்திலும் அங்கே கண்டிப்பு அதிகம். இந்தியாவில் கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் வேண்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சோதனையில் தேறியதற்கான முத்திரை. வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் இருந்தால், அது டயர்க் கம்பெனி தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர். எங்கள் ஊரில் ஜோராக உழுகிறது. திருவாரூர்ப் பக்கம் வாடகைக்குப் போனால் தொப்பை வரை புதைகிறது. குற்றம் வண்டி மேலா, மண் மேலா?
– ஒரு டிராக்டர் உரிமையாளர், ஒரத்தநாடு

இரண்டின் மேலும் இல்லை; இரண்டு ஊர் மண்ணும் ஒன்றென்று நினைத்ததன் மேல். உங்கள் ஊர் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், புது டெல்டா. அங்கே மணல் கலந்த செம்மண் அதிகம்; தண்ணீர் நின்றாலும் அடி கெட்டி. திருவாரூர்ப் பக்கத்துப் பழைய டெல்டாவில் பல இடங்களில் இருப்பது மண் ஆய்வுக்காரர்கள் 'களத்தூர் வகை' என்று எழுதும் கனத்த கறுப்புக் களி. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் டயரின் பள்ளத்தையெல்லாம் பூசி மெழுகிவிடும். பள்ளம் அடைபட்ட டயர் நான்கு இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன?

வருஷக்கணக்காகச் சேறடித்த வயலில் ஒரு சாண் ஆழத்தில் கெட்டியான தட்டு ஒன்று உருவாகியிருக்கும். டிராக்டரைத் தாங்குவது அதுதான். ஒருமுறை புதைந்து, அங்கேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு அந்தத் தட்டை உடைத்துவிட்டால், அடுத்த வருஷமும் அதே இடத்தில் புதைவீர்கள். வாடகைக்குப் போகிற ஊரில் வயலுக்குச் சொந்தக்காரரிடம் "எந்த மூலை வாங்கும்?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று. டயரை மாற்றும்போது அம்புக்குறியைப் பாருங்கள். கட்டையின் நடுமுனை முதலில் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு இரு பக்கமும் பிதுங்கி வெளியேறும். திருப்பி மாட்டினால் சேற்றை உள்ளே வாரிக்கொள்ளும்.

பனிக்கு டயரில் போடும் சங்கிலியும் நம் டிராக்டரின் இரும்புக் கேஜ் வீலும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?
– ஒரு மாணவர், மன்னார்குடி

பாதி ஒன்று, பாதி வேறு. கடிப்பது இரண்டுக்கும் பொது. சங்கிலியின் இரும்புக் கண்ணி இறுகிய பனியிலும் ஐஸிலும் பல்லைப் பதிக்கிறது. கேஜ் வீலின் குறுக்குச் சட்டம் சேற்றில் பதிகிறது. ஆனால் சங்கிலி வண்டியைத் தாங்காது. கேஜ் வீல் தாங்கும்: டயரோடு சேர்த்து வெளிப்பக்கம் மாட்டும்போது அச்சு அகலமாகிறது, எடை பரவுகிறது, புதைவது குறைகிறது. போதாக்குறைக்கு மண்ணையும் கலக்கிச் சேறாக்கிக் கொடுக்கிறது. சங்கிலிக்கு அந்த விவசாய ஞானம் கிடையாது.

இரண்டுக்கும் பொதுவான எதிரி தார் ரோடு.

வயலுக்கு வயல் ரெண்டு கிலோமீட்டர்தான் ரோட்டில் போகிறேன். அதற்குள் கேஜ் வீலைக் கழற்றி மாட்ட முடியுமா? பிடித்து அபராதம் போடுகிறார்களே!
– பெயர் வேண்டாம், நீடாமங்கலம்

ரோடு போட வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும், பாருங்கள். அதனால்தான் பெயர் வேண்டாம் என்கிறீர்களோ?

சம்பா அறுவடைக்கு பெல்ட் வண்டி பிடிப்பதா, டயர் வண்டி பிடிப்பதா? பெல்ட் வண்டிக்கு மணிக்கு வாடகை கூடுதலாக இருக்கிறதே!
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

வாடகையை மணிக்குப் பார்க்காதீர்கள், மா நிலத்துக்குப் பாருங்கள். காய்ந்த வயலில் டயர் வண்டி சரசரவென்று அறுத்துவிட்டுப் போய்விடும். அங்கே பெல்ட் வண்டிக்குக் கூடுதல் காசு தண்டம். ஈர வயலில் கதை மாறும். டயர் வண்டி திணறும், பின்னால் வந்து முன்னால் போகும், மூலையில் மாட்டும். மணி ஓடும், வண்டி ஓடாது.

காரணத்தைக் கணக்காகவே போட்டுவிடலாம். 3 டன் பெல்ட் வண்டி என்று வையுங்கள். ஒரு பெல்ட் 45 சென்டிமீட்டர் அகலம், தரையில் படிவது 160 சென்டிமீட்டர் நீளம். இரண்டு பெல்ட்டுக்கும் 14,400 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிராம் எடை. 65 கிலோ ஆள் நடக்கும்போது ஒற்றைக்கால் பாதம் 150 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே 400 கிராமுக்கு மேல் விழுகிறது. அதாவது வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கும் நீங்கள் வயலில் இறங்கினால், வண்டியைவிட ஆழமாகப் புதைவீர்கள்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் மழை கொட்டியதே, அதுபோன்ற நாளில் யோசனையே வேண்டாம், பெல்ட் வண்டிதான். கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த முறை மத்திய அரசு 20 வரை தளர்த்தியது. ஒவ்வொரு வருஷமும் தளர்த்துவார்கள் என்று நம்பிக் கதிரைத் தண்ணீரில் விடமுடியாது. ஆனால் மழையில்லாத வருஷத்தில் அறுவடைக்குப் 10 நாள் முன்பாவது தண்ணீரை வடித்துவிட்டால் டயர் வண்டியே போதும். வடிகாலைத் தூர் வாரியவருக்கு வாடகை குறைவு.

தண்ணீரை வடி என்கிறீர்கள். ஈரம் இருந்தால்தானே அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து முளைக்கும்?
– அதே ஊர், வேறொரு விவசாயி

மாட்டிவிட்டீர்கள். டெல்டாவின் உண்மையான சிக்கல் இதுதான். அறுவடைக்கு ஒரு வாரம், 10 நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பது ஆள் வைத்துக் கையால் அறுத்த காலத்து ஏற்பாடு. அரிவாள் முளையை மிதிக்காது. மூன்று டன் இயந்திரம் மிதிக்கும். டயர் வண்டி ஆழமான தடம் போட்டு முளையைப் புதைக்கும். பெல்ட் வண்டி நேராகப் போகும்வரை பரவாயில்லை. திரும்பும்போது ஒரு பெல்ட்டை நிறுத்தி மற்றதைச் சுற்றும், அந்த இடம் பெயர்ந்துவிடும். அதனால் டிரைவரிடம் வயலுக்குள் வட்டமடிக்காமல் ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள். வயலில் ஈரம் தாராளமாக இருந்தால், இயந்திரம் போன பிறகே விதைத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

டிராக்டர் புதைந்தால் பின்சக்கரத்தில் ஒரு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி ஓட்டினால் ஏறிவிடுகிறது. பனி தேசத்துச் சங்கிலி மாதிரிதானே இதுவும்?
– ஒரு டிரைவர், வலங்கைமான்

இந்தக் கேள்விக்குச் சிரிப்பில்லை. செய்யாதீர்கள். பனிச் சங்கிலி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், சக்கரத்தைத் தடுக்காது. கட்டை சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் சுற்ற முடியாதபோது இன்ஜின் விசை சும்மா இருக்காது. பின் அச்சைச் சுற்றி டிராக்டரின் முகத்தைத் தூக்கும். ஒன்றிரண்டு வினாடியில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து டிரைவரின் மேல் விழும். கிளட்ச்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

புதைந்தால் சக்கரத்தைச் சுற்றவிடுவதை உடனே நிறுத்துங்கள். பின்னால் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டி, வைக்கோலோ பலகையோ போட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள். அதில் கயிறு கட்டுவது கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் இருக்க வேண்டும், மேலே எங்கும் இல்லை. இழுக்கும்போது கயிற்றருகே ஒருவரும் நிற்கக் கூடாது.

டிராக்டர் டயரில் காற்றோடு தண்ணீரும் அடைக்கிறார்களே, பனி தேசத்திலும் இப்படித்தானா?
– ஒரு ஆசிரியர், திருவையாறு

அங்கேயும் அடைப்பதுண்டு. சுமார் முக்கால் பங்கு திரவம், மேலே காற்று. பின்சக்கரத்தின் எடை கூடும், வறண்ட நிலத்திலும் டிரெய்லர் இழுக்கும்போதும் வழுக்காது. அங்கே வெறும் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு. சேறடிக்கும்போது அதே எடை புதைகுழி. நடவுப் பருவத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டயருக்குச் சங்கிலி மாட்டும் யோசனை யாருக்கு முதலில் வந்தது?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற ஊரைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் வழுக்காமலிருக்க டிரைவர்கள் டயரில் கயிற்றைச் சுற்றி ஓட்டியதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். ஆக, சங்கிலி பிறந்ததிலேயே சேற்றுக்கும் பங்கு உண்டு. டிராக்டருக்கு நடந்தது நேர்எதிர்: இரும்புச் சக்கரத்தில் பிறந்து, 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி மூலம் காற்றடைத்த ரப்பருக்கு வந்தது. நாம் நடவுக்கு நடவு அதற்குத் திரும்ப இரும்பை மாட்டுகிறோம்.

குடும்பத்தோடு குளிர்காலத்தில் மணாலி போகிறோம். வாடகைக்கு ஆல் வீல் டிரைவ் கார் கிடைக்கிறது, சங்கிலி ஒரு ஜோடிதான் தருவார்களாம். முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?
– ஒரு வங்கி ஊழியர், தஞ்சாவூர்

அந்த வண்டியின் கையேடு எந்த அச்சைச் சொல்கிறதோ அதில். முன்னால் மட்டும் மாட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் வீசும். பின்னால் மட்டும் மாட்டினால் ஸ்டீயரிங் சொல் பேச்சுக் கேட்காது. நாலுக்கும் மாட்டுவது உத்தமம். சில கார்களில் சங்கிலி நுழைய இடமே இருக்காது. கையேடு 'கூடாது' என்றால் கூடாது. மாட்டிய பின் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பொதுவாக வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3-இல் திறந்தபிறகு, ரோத்தாங் கணவாயில் ஏறாமலே லாஹுல் பக்கம் போகமுடிகிறது. பனி கொட்டினால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும் சங்கிலி மாட்டியவற்றையும் மட்டுமே போலீஸ் விடும். உங்கள் வண்டியை விட்டாலும், ஸ்டீயரிங்கை உள்ளூர் டிரைவரிடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று: வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ காற்று குறையும். கிளம்புமுன் அங்கேயே காற்றுப் பார்க்கவும்.

ஊட்டிக்கு?
– அதே வீட்டிலிருந்து, அவர் மனைவி

ஸ்வெட்டர். உறைபனி புல்லில்தான் வெள்ளையாக நிற்கும். இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும்.

பனியும் வேண்டாம், மணாலியும் வேண்டாம். எங்கள் ஊர் ரோட்டில் நெல்லையும் உளுந்துச் செடியையும் காயப்போட்டிருக்கிறார்கள். அதில் பிரேக் அடித்தால் வண்டி நேராக வாய்க்காலுக்குப் போகிறது. எந்த டயர் போடலாம்?
– ஒரு பைக் ஓட்டுநர், அம்மாப்பேட்டை

உருளுகிற மணியைப் பிடிக்கும் டயரை இதுவரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், மேலே ஏறியபின் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். செடியைப் பரப்பியிருந்தால் கார்க்காரர்கள் அதன்மேல் நிறுத்தக் கூடாது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். காயப்போட்டவரைத் திட்டுமுன், அவருக்கு அரசு ஒரு உலர்களம் கட்டிக் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவாகச் சொல்லுங்கள். தஞ்சாவூர்க்காரன் நான், ஆல் வீல் டிரைவ் கார் வாங்கலாமா?
– ஒரு வியாபாரி, கீழவாசல்

வண்டியை வயலில் இறக்கும் உத்தேசம் இல்லையென்றால் வேண்டாம். ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் உங்களைக் காப்பது டயரின் பள்ளம்தான். நல்ல டயராக நாலு வாங்கி, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. கடைக்காரர் 'புது டயர்' என்று பழைய இருப்பைத் தள்ளமுடியாது. மிச்சமாகும் லட்சங்களை எதில் போடுவது என்று கேட்டு அடுத்த வாரம் எழுதாதீர்கள். அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் ஜோசியர் இருக்கிறார்.