ஓர் இடம் மிச்சம்

போன மாதம் சேலையூரில் காபிக் கடை திறக்கப்போகிற ஒரு தம்பி எங்கள் கடைக்கு வந்தான். செல்போனை நீட்டி, "அண்ணா, இந்த மாதிரி கையால எழுதின போர்டு வேணும், பிரின்ட் வேண்டாம்" என்றான். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, அதற்குக் கறுப்பு நிழல். 1980-களில் தாம்பரம் சண்முகம் சாலையில் கடைக்குக் கடை தொங்கியதே, அதே வேலை. எத்தனை நாளாகும், எவ்வளவு ஆகும் என்று அவன் கேட்டது காதில் விழவேயில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கமாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்துப் பழக்கம்.

1984-ல், பதினாறு வயதில், மேற்குத் தாம்பரத்தில் போர்டு எழுதுகிற ஒரு மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் பிரஷ்ஷைத் தொடவிடவில்லை. தகரத்தைத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, பெயின்ட் டப்பாவில் ஆடை படியாமல் பார்த்துக்கொள்வது, நூல் பிடிப்பது. நூலில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, ஒரு முனையை நான் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வேன். மறுமுனையை இழுத்துப் பிடித்து மாஸ்டர் நடுவில் சுண்டுவார். தகரத்தில் முடி மாதிரி வெள்ளைக் கோடு விழும். என் விரல் அரை நூலளவு நகர்ந்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி.

பெயின்ட் வாங்கப் பாரிமுனைக்கு மின்சார ரயிலில் போவோம். ஏறுவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் மஞ்சள் பெயர்ப்பலகைக்கு எதிரே என்னை நிறுத்திவிடுவார். "படிக்காதடா. பாரு."

'தாம்பரம்' என்று எழுதியிருக்கிறது. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பல வாரம் கழித்துத்தான் கண் திறந்தது. பகரத்தின் வலது கால் நேர்க்கோடு. அடுத்து வரும் ரகரத்தின் இடது காலும் நேர்க்கோடு. இரண்டு நேர்க்கோடு பக்கத்தில் நின்றால் நெருக்கமாகத் தெரியும், கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். மகரத்தின் வலப்பக்கம் வளைவு. அதற்குப் பிறகு வருகிற பகரத்தைக் கிட்டே கொண்டுவர வேண்டும். ஸ்கேல் வைத்துச் சமமாக இடம் விட்டால் கண்ணுக்குச் சமமாக இருக்காது. "எழுத்தை எவனும் எழுதிடுவான். நடுவுல இருக்கிற இடத்தை எழுது" என்பார். ஐந்தாம் வகுப்புத் தாண்டாத மனிதர். எனக்குக் கிடைத்த ஒரே கல்லூரி அவர்தான்.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தும்பிக்கை வைத்த பழைய லை, ளை, ணை, னை போய், இன்று நாம் எழுதுகிற வடிவம் வந்தது. படிக்கிறவருக்கு அது சின்ன மாற்றம். போர்டு எழுதுகிறவருக்குத் தலைகீழ் மாற்றம். பழைய லை ஓரெழுத்தின் இடத்தில் அடங்கிவிடும், தும்பிக்கை மேலே சுருண்டுகொள்ளும். புதியதில் முன்னால் ஐகாரக் குறி தனியாக உட்கார வேண்டும். 'சலவை நிலையம்', 'முடிதிருத்தும் நிலையம்' என்று ஊரில் பாதிப் போர்டுகளில் 'நிலையம்' இருக்கிறது. அத்தனைக்கும் ஓர் இடம் அதிகம். இருபது வருஷமாகக் கைக்குப் பழகிய கணக்கு ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் அந்த மனிதர் பழைய தினத்தந்தித் தாள்களில் 'நிலையம், நிலையம்' என்று எழுதி எழுதிக் கையை மாற்றியிருக்கிறார். நான் சேர்ந்தபோதுகூட அந்தத் தாள்கள் பரண்மேல் கட்டாகக் கிடந்தன. அவற்றை நான் பத்திரப்படுத்தாமல் விட்டது இன்றைக்கும் வலிக்கிறது.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இரண்டு நாள் எழுதுகிற போர்டை மெஷின் நிமிஷத்தில் துப்பியது. 2004-ல், தாம்பரம் கடற்கரை மீட்டர்கேஜ் ரயில் நின்ற அதே வருஷம், நானும் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றிக் கட்டிவைத்துவிட்டு, கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் போட்டேன். கோரல்டிரா கற்றுக்கொண்டேன். மவுஸால் ஓர் எழுத்தை அகலத்துக்கு இழுத்தால் நிற்கிற கோடெல்லாம் தடித்துப்போகும், படுத்த கோடு மெலிந்தே இருக்கும். அந்த வீங்கின எழுத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். இழுக்காமல், எழுத்தெழுத்தாக நகர்த்தி வைப்பேன். மணி ஆகிறது என்று வாடிக்கையாளர் சத்தம் போடுவார். கை செத்துவிட்டது என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். கண் ஒரு நாளும் வேலையை நிறுத்தவில்லை என்பது அப்போது புரியவில்லை.

2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இருபத்து மூன்று வயதுப் பெண்மேல் சரிந்தது. கீழே விழுந்தவள்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனர் எங்கள் கடையில் அச்சடித்தது இல்லை. ஆனால் அதே அளவில், அதே கம்புச் சட்டத்துக்கு எத்தனை அச்சடித்துக் கொடுத்திருப்பேன்? என் மகளுக்கும் அன்றைக்கு அதே வயதுதான். மறுநாள் காலை கடைப்பையனிடம், சாலையில் கட்டுகிற பேனர் இனிமேல் எடுப்பதில்லை என்று சொன்னேன். வருமானத்தில் பாதி போனது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வேலை குறைந்த அந்த மாதங்களில்தான் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போனேன். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்கு முன் போனதில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கியது. அவரும் மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கியிருக்கிறார்கள். துணிக்கு மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த கைதான் ஓவியமும் தீட்டியிருக்கிறது. வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று நான் அதுவரை பிரித்து வைத்திருந்ததை யோசித்துக்கொண்டு அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு புத்தகத்தில் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்த்தேன். எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். பிளாட்பாரத்தில் என் மாஸ்டர் சொன்னதும் அதுதானே!

அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் பழைய பேப்பரில் ஓர் எழுத்து. பத்து நிமிஷம். ஜகரத்துக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது.

சேலையூர் தம்பியின் போர்டில் எழுத வேண்டியது 'காபி நிலையம்'. "அண்ணா, அந்தப் பழைய லை போட முடியுமா? தாத்தா கடையில இருந்ததாம்" என்று கேட்டான். தும்பிக்கை வைத்த லையை மாஸ்டர் வேலைக்கு நடுவில் சும்மா எழுதிக் காட்டுவார். அதனால் எனக்குத் தெரியும். தகரத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்ததும் என் கடையில் கோரல்டிரா ஓட்டுகிற பையனைக் கூப்பிட்டு நூலின் ஒரு முனையைக் கொடுத்தேன். அழுத்திப் பிடித்துக்கொண்டே பென்சில் குறிகளை எண்ணிப்பார்த்தான்.

"அண்ணே, பழைய லை போட்டா ஓர் இடம் மிச்சமாகுதே. அங்க ஒரு கப் படம் போட்டுடலாமா?"

"விரலை நகர்த்தாத" என்று சொல்லி நூலைச் சுண்டினேன்.