புல்லியைச் சின்னதாக்கினால் பூனை பேயாகுமா?

கேள்வி: டாட்ஜ் ஹெல்கேட் காரின் சூப்பர்சார்ஜர் புல்லியைச் சின்னதாக மாற்றினாலே அது ‘டீமன்’ மாடலாகிவிடும் என்கிறான் நண்பன். ஆகுமா?

பதில்: ஹெல்கேட் என்றால் நரகத்துப் பூனை, டீமன் என்றால் பேய். பூனைக்குக் கொம்பு வைத்தால் பேயாகிவிடுமா?

2015 ஹெல்கேட்டில் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர், 11.6 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (அது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்), 707 குதிரைத்திறன். 2018 டீமனில் 2.7 லிட்டர், 14.5 பி.எஸ்.ஐ., பங்க் பெட்ரோலிலேயே 808. நடுவில் இருப்பது மூன்று பி.எஸ்.ஐ.தானே என்கிறீர்களா? அந்த மூன்றுக்காக பிஸ்டன், கனெக்டிங் ராடு, பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் மாற்றினார்கள். போதாததற்கு, ரேஸ் நேரத்தில் ஓட்டுபவருக்கு வர வேண்டிய ஏசி குளிரைப் பிடுங்கி எஞ்சினுக்கு ஊட்டினார்கள்!

புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் நெருக்கப்படும், சூடாகும். சூடு மிஞ்சினால் பிளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை பெட்ரோல் கலவை எல்லாமே காத்திருக்காது, தானாக வெடிக்கும். உதை பிஸ்டனுக்கு. குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக் குழவியை வைத்த கதைதான்.

எல்லா காருக்கும் பொருந்தும் ‘பாதுகாப்பான பூஸ்ட்’ என்று ஓர் எண் கிடையாது. ஹெல்கேட்டின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் விகிதம்) 9.5:1, 2018 மஸ்டாங் ஜி.டி.க்கு 12:1. ஹெல்கேட் தாங்கும் பூஸ்ட்டை மஸ்டாங்குக்கும் அப்படியே கொடுத்தால் பில் வேறு மாதிரி வரும்.

நண்பரிடம் சொல்லுங்கள்: முதலில் கூலிங், பெட்ரோல், டியூனிங். புல்லி கடைசியில்.