ரெக்கார்டிங் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு ரெக்கார்டிங் சித்தப்பா இருப்பார். அவர் டிவி பார்க்க மாட்டார், பதிவு செய்வார். பார்க்கிறவன் சோம்பேறி, பதிவு செய்கிறவன் பொறுப்பானவன் என்பது அவர் கட்சி. 1988-ல் தூர்தர்ஷனில் மகாபாரதம் தொடங்கியபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே டிவி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் வி.சி.ஆர். பக்கத்தில் குத்துக்காலிட்டு, விளம்பரம் எப்போது வரும், பாஸ் பட்டனை எப்போது அமுக்கலாம் என்று காத்திருந்தார். பாண்டவர்கள் சூதில் தோற்ற விஷயமே அவருக்குப் பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். அந்த மூன்று மணி நேரக் கேசட்டுகள் முத்து முத்தான லேபிளோடு இன்னும் பரணில் இருக்கின்றன. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-ல் கை கழுவிவிட்டது. சித்தப்பா கழுவவில்லை.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். ஹாலில் ஒரு டிடிஎச் பாக்ஸ், பெட்ரூமில் ஒன்று. முதலாவது சித்தியின் சீரியலுக்கு, இரண்டாவது இவருடைய கிரிக்கெட்டுக்கும் மார்கழிக் கச்சேரிக்கும். இரண்டிலும் பின்னால் யு.எஸ்.பி. துளை உண்டு, ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் பதிவாகும். ஹெச்.டி. சேனல் என்றால் மணிக்கு மூன்று, நான்கு ஜிபி போகும். ஒரு டிபி டிஸ்க்கில் இருநூற்றைம்பது மணி நேரமாவது கொள்ளும் என்று பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இவ்வளவு இடம் இருக்கும்போது இரண்டாவது டிஸ்க் எதற்கு? கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே கிணறு போதாதா?

அங்கேதான் வினை. ஹாலில் சித்தியின் சீரியல் பதிவான டிஸ்க்கைப் பிடுங்கிப் போய் பெட்ரூம் பாக்ஸில் செருகினார். ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று திரையில் கேள்வி வந்தது. அவ்வளவு பணிவாகக் கேட்கிற பாக்ஸிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓ.கே. அமுக்கினார். சித்தியின் மூன்று வார மாமியார்–மருமகள் சண்டை ஒரு நொடியில் தீர்ந்தது.

“என்னங்க, நேத்து எபிசோட் எங்கே?”

“டிஸ்க்குல தூசி இருந்திருக்கும். ராத்திரி சரியாயிடும்.”

ராத்திரி சித்தி டிஸ்க்கை ஹாலுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அதே கேள்வி. அவரும் ஓ.கே. அமுக்கினார். இடையில் சித்தப்பா அதில் பதிவு செய்திருந்த 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் மறுஒளிபரப்பு, தோனி சிக்ஸர் அடிக்கும் முன்பே கணக்கு முடிந்தது. சித்தி அதைத் தெரியாமல்தான் செய்தார் என்று நான் நம்பத் தயாரில்லை.

பாக்ஸின் மேல் குற்றமில்லை. அது பதிவு செய்யும் ஒவ்வொன்றையும் பூட்டித்தான் டிஸ்க்கில் எழுதுகிறது, சாவி அந்தப் பாக்ஸின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வீட்டு பில் என்றாலும் அடுத்த பாக்ஸிடம் அந்தச் சாவி கிடையாது. பதிவு செய்து ஊருக்கெல்லாம் விநியோகித்துவிடக் கூடாதே என்று சேனல்காரர்களுக்குப் பயம். சித்தப்பா பதிவு செய்ததைத் தாமே பார்ப்பதில்லை, விநியோகமா செய்யப் போகிறார்? மகனுடைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். பாக்ஸ் எழுதிய முறை விண்டோஸுக்குப் புரியாது, அதுவும் ஃபார்மட் செய்யவா என்றே கேட்டது. உலகமே தன் டிஸ்க்கை அழிக்கக் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்று முடிவுக்கு வந்தார்.

இத்தோடு விடுகிற ஆளா? ரிச்சி தெருவுக்குப் போய் ‘ஒய்’ கேபிள் ஒன்று வாங்கி வந்தார். ஒரு முனையில் டிஸ்க், மறுபக்கம் இரண்டு யு.எஸ்.பி. தலைகள். ஹாலுக்கொன்று, பெட்ரூமுக்கொன்று, நடுச்சுவரில் ஒரு ஓட்டை போட்டால் போதும் என்று டிரில்லிங் மிஷினோடு ஆள் வரச் சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது தலை வெறும் கரண்டுக்கு. ஒரு துளையிலிருந்து வரும் மின்சாரம் போதாத டிஸ்க்குக்காகச் செய்தது. யு.எஸ்.பி.யில் ஒரு டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு எஜமானுக்குத்தான் வேலை செய்யும். இதை மகன் போனில் எடுத்துச் சொல்வதற்குள் ஓட்டை விழுந்துவிட்டது. அதன் மேல் இப்போது முருகன் காலண்டர் தொங்குகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருந்தால், பாக்ஸுக்கு ஒன்றாக இரண்டு டிஸ்க் வாங்கி, எது எந்த அறைக்கு என்று லேபிள் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். லேபிளை மட்டும் அவரையே எழுதச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அந்த உலகக் கோப்பை ஆட்டத்தை அவர் இதுவரை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை என்பதைத் தயவுசெய்து சித்தியிடம் சொல்லாதீர்கள்.