தலைகீழாகத் தொங்கும் கணக்குப்பிள்ளை

ரோலர் கோஸ்டரில் ஏறும் மக்களை அஞ்சுவோர் என்றும், அஞ்சாதவர்போல் நடிப்போர் என்றும் இரண்டாகப் பிரிப்பது உலக வழக்கு. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் இனம் ஒன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செழித்து வாழ்கிறது. தம்மைக் ‘கோஸ்டர் ஆர்வலர்’ என்று அழைத்துக்கொள்ளும் இவ்வினத்தார் கோடை விடுமுறை முழுவதையும் தலைகீழாகத் தொங்குவதிலேயே கழிப்பதைத் தொலைவிலிருந்து காண்பவர்கள், இவர்களை உயிரைத் துச்சமாக மதிக்கும் சாகசக்காரர்கள் என்று எண்ணி வியப்பதுண்டு. அவ்வியப்பு வீண். கோஸ்டர் ஆர்வலர் இயல்பால் ஒரு கணக்குப்பிள்ளை என்பதும், பேரேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தாக வேண்டியிருப்பது ஒன்றே அவரை மற்றக் கணக்குப்பிள்ளைகளிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பதும், ஒரு பகற்பொழுது அருகிலிருந்து கவனிப்பவருக்குத் தெளிவாகும்.

இவருடைய கணக்கின் அலகு ‘கிரெடிட்’ எனப்படும். வாழ்நாளில் ஒருவர் ஏறி முழுச் சுற்றையும் முடித்த ஒவ்வொரு ரோலர் கோஸ்டருக்கும் ஒரு கிரெடிட் உண்டு. ஒரே கோஸ்டரில் நூறு முறை ஏறினாலும் கிரெடிட் ஒன்றுதான். மனத்துக்குப் பிடித்த கோஸ்டரில் மீண்டும் ஏறும் இன்பமும், கழுத்தை முறிக்கும் என்று பெயரெடுத்த புதியதொன்றில் ஏறும் கடமையும் எதிரெதிரே நிற்கும்போதெல்லாம் கடமையே வெல்வதற்கு இவ்விதியே காரணம். ‘ரோலர்கோஸ்டர்’ என்ற திரைப்படம் 1977இல் வெளிவந்ததையடுத்து, 1978இல் ‘அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்’ என்ற சங்கம் அமைக்கப்பட்டது முதல் இக்கணக்கு வழக்கு ஓர் ஒழுங்குக்கு வந்தது எனலாம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களையும் சேவிக்கப் புறப்பட்ட வைணவ அடியார் எஞ்சிய ஊர்களின் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து நேரம் விசாரிப்பதோடு இவருடைய வாழ்வை ஒப்பிடலாம். ஆனால் அடியாருக்கு, இரண்டு தலங்களை இப்பூவுலகில் காண இயலாது என்பதால் நூற்றாறோடு பயணம் முடியும் என்ற ஆறுதலாவது உண்டு. இவருக்கோ பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது.

இவ்வினத்தாரை அவர்களுடைய இயற்கைச் சூழலிலேயே காண விரும்புவோர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சான்டஸ்கி நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனையில், 1870இல் நீராடுமிடமாகத் தொடங்கப்பட்ட சீடர் பாயின்ட் பூங்கா, இன்று 18 ரோலர் கோஸ்டர்களோடு விளங்குகிறது. வாயில் திறப்பதற்கு முன்பே கயிற்றையொட்டி முதல் வரிசையில் நிற்பவர், வேறெதோ பூங்காவின் வேறெதோ கோஸ்டரின் படம் பொறித்த பனியனை அணிந்திருப்பவர், பூங்காவின் வரைபடத்தைக் கையில் வாங்காதவர் ஆகிய மூன்று அடையாளங்களும் ஒருவரிடம் பொருந்தியிருந்தால் அவரே ஆர்வலர் என்று துணியலாம். கயிறு விலக்கப்பட்டதும் பொதுமக்கள் ஓடுகின்றனர். காவலர்கள் அவர்களை அதட்டுகின்றனர். ஆர்வலர் ஓடுவதில்லை. பூங்காவில் ஓடுதல் விதிமீறல் என்பதையும், விதி மீறினால் வெளியேற்றப்படலாம் என்பதையும், வெளியேற்றப்பட்டால் 18 கிரெடிட்டுகள் போய்விடும் என்பதையும் முன்பே கணக்கிட்டிருப்பதால், ஓட்டம் என்று யாரும் குற்றம்சாட்ட முடியாத, ஆனால் நடை என்று யாரும் நம்ப முடியாத ஒருவகைப் பெயர்ச்சியால் அவர் ஓடுவோரை முந்திவிடுகிறார்.

வரிசையில் நிற்கும் நேரம் பொதுமக்களுக்குத் தண்டனை. ஆர்வலருக்கு அதுவே பிரசங்க மேடை. ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’ என்ற கோஸ்டரின் வரிசையில் முன்னால் நிற்கும் சிறுமி, அதன் 310 அடி உயரத்தைப் பார்த்து முகம் வெளுத்து நிற்கும்போது அவளுக்கு ஆறுதல் கூற இவர் தவறுவதில்லை. உலகில் முதன்முதலில் 200 அடியைத் தாண்டிய முழுச்சுற்றுக் கோஸ்டர் இதே பூங்காவில் 1989இல் திறக்கப்பட்ட ‘மேக்னம்’ என்பதையும், 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் அமைத்த ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’ மணிக்கு 6 மைல் வேகத்தில் ஊர்ந்ததையும், இப்போது அவள் ஏறப்போவது 93 மைல் வேகத்தில் பாயும் என்பதையும் வரிசையாக எடுத்துரைத்த பிறகு, பழைய கோஸ்டர்கள் குன்றேறும்போது எழும் ‘டக் டக்’ ஒலியின் காரணத்துக்கு வருகிறார். சங்கிலி அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி வழுக்கிவிடாதபடி, தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களில் ஓர் இரும்பு நாக்கு விழுந்து விழுந்து எழுவதால் உண்டாவதே அவ்வொலி. ஆகவே அது பாதுகாப்பின் ஒலி என்பது அவருடைய விளக்கம். சங்கிலி அறுந்துபோகக்கூடிய பொருள் என்ற எண்ணம் அதுவரை அச்சிறுமிக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுடைய தாயின் பார்வையில் எழும் கனலை இவர் ஆர்வமென்று கொண்டு மேலும் தொடர்கிறார்.

எந்த இருக்கையில் அமர்வது என்பதில் இவருக்குக் கொள்கை உண்டு. தொடர் முழுவதும் ஒரே உடலாக இயங்குகிறது. முன்பெட்டி உச்சியைக் கடக்கும்போது பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால், முன்னால் இருப்பவர் சரிவின் விளிம்பில் மெல்லத் தொங்கவிடப்படுகிறார். பின்பெட்டி உச்சிக்கு வரும்போதோ முன்பாதி பாய்ந்து இழுப்பதால், பின்னால் இருப்பவர் உச்சியிலிருந்து பிடுங்கி எறியப்படுகிறார். பிடுங்கி எறியப்படுவதையே விரும்பும் ஆர்வலர், அதற்கு மருத்துவச் சான்றும் வைத்திருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வார்டிங்கர், சிலிக்கோனால் ஆன சிறுநீரக மாதிரிக்குள் கற்களை இட்டு, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவின் டிஸ்னி உலகில் ‘பிக் தண்டர் மவுன்டன்’ கோஸ்டரில் பலமுறை ஏறியிறங்கி, பின்னிருக்கையில் சுமார் 64 விழுக்காடும் முன்னிருக்கையில் சுமார் 17 விழுக்காடும் கற்கள் வெளியேறின என்று கண்டறிந்தார். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2018இல் மருத்துவத்துக்காக இவ்வாய்வுக்குக் கிடைத்தது. சிரிப்பதோடு நின்றுவிடும் பொதுமக்களுக்கு நேர்மாறாக, சிரிப்பைத் தவிர்த்து நேரே சிந்தனைக்குச் சென்றுவிடும் ஆர்வலர், சிறுநீரகத்தில் கல் இல்லாத நிலையிலும் வருமுன் காப்பாகப் பின்னிருக்கைக்கு மேலும் இருபது நிமிடம் காத்திருக்கிறார்.

இருக்கையில் அமர்ந்ததும் தொடைமீது இறங்கும் கம்பியைப் பற்றிய நுட்பமான போராட்டம் தொடங்குகிறது. இவர் நாடிவந்திருக்கும் பொருள் ‘ஏர்டைம்’ ஆகும். அதாவது, தண்டவாளம் குன்றின் உச்சியில் கீழ்நோக்கி வளையும்போதும் உடல் தன் பழைய திசையிலேயே மேலே செல்ல முயல்வதால், இருக்கைக்கும் அமர்ந்திருப்பவருக்கும் இடையே வெளி தோன்றும் அந்தச் சில நொடிகள். மெல்ல மிதக்கவிடுவது ‘ஃப்ளோட்டர்’ என்றும், தூக்கி வீசுவது ‘எஜெக்டர்’ என்றும் உட்பிரிவுகள் உள்ளன. கம்பி இறுகினால் வெளி குறையும் என்பதால், பணியாளர் அருகே வரும்போது இவர் மூச்சை உள்ளிழுத்து வயிற்றைப் பெருக்கிக்கொள்கிறார். பணியாளரோ நாள்தோறும் நூறு வயிறுகளைக் கண்டவராதலால், மூச்சு விடும்வரை காத்திருந்து கம்பியை இன்னும் ஒரு பல் கீழே அழுத்திச் செல்கிறார். இத்துன்பத்துக்கு ஆர்வலர் வழக்கில் ‘ஸ்டேப்பிள்’ ஆதல் என்று பெயர். இவ்வாறு தைக்கப்பட்டவர் பயணம் முழுவதும் அனுபவிப்பது அச்சமன்று, மனக்குறையே. சரிவில் சுற்றியுள்ளோர் அலறும்போது இவருடைய உதடுகள் மட்டும் அசைவதைக் கண்டு, இவர் கடவுளை வேண்டுகிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பதுண்டு. உண்மையில் உடல் எத்தனை முறை இருக்கையை விட்டு எழுந்தது என்று இவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நண்பகலுக்குப் பின் இவருடைய மானம் சோதனைக்குள்ளாகிறது. பூங்காவின் 18இல் ஒன்று, 1979இல் குழந்தைகளுக்காக அமைக்கப்பட்ட, இருபது அடிக்கும் குறைந்த உயரமுள்ள ‘வில்டர்னெஸ் ரன்’. பெரியதும் ஒரு கிரெடிட், சிறியதும் ஒரு கிரெடிட் என்ற சமதர்மத்தின் விளைவாக, நாற்பது வயதைக் கடந்த, தாடி நரைக்கத் தொடங்கிய, அலுவலகத்தில் பலர் எழுந்து நின்று வணங்கும் ஒருவர், மிட்டாயைச் சப்பிக்கொண்டிருக்கும் ஐந்து வயதினரின் வரிசையில் தலை மட்டும் தனியே தெரிய நின்றாக வேண்டியிருக்கிறது. குழந்தையின் துணையின்றிப் பெரியவர் ஏறக் கூடாது என்ற விதி சில ஊர்ப் பூங்காக்களில் இருப்பதால், அங்கே செல்வதற்கு முந்தைய வாரத்தில் சகோதரியின் பிள்ளைகள்மீது இவருக்குத் திடீர்ப் பாசம் பெருகுவதை உறவினர்கள் கவனித்திருக்கின்றனர்.

கணக்கு இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும். மாலையில் உணவுக் கூடத்தில் இவ்வினத்தார் இருவர் சந்தித்துக்கொண்டால் எழும் விவாதங்கள், சமய வாதங்களுக்கு நுட்பத்தில் குறைந்தவையல்ல. 1978இல் இப்பூங்காவில் திறக்கப்பட்ட ‘ஜெமினி’யில் இரு தொடர்கள் இணையான இரு தண்டவாளங்களில் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன; இது ஒரு கிரெடிட்டா, இரண்டா? இரண்டு என்று வாதிடுபவரை மடக்க எதிர்த்தரப்பார் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1935 முதல் ஓடும் ‘கிராண்ட் நேஷனல்’ கோஸ்டரைக் கொண்டுவருகின்றனர். அங்கே பார்வைக்கு இரண்டாகத் தோன்றுவது உண்மையில் ஒரே தொடர்ச்சியான தண்டவாளம், ஒருபுறம் புறப்படும் தொடர் மறுபுறம் வந்து சேர்கிறது. சீடர் பாயின்டில் நின்றபடி பயணம் செய்யும் கோஸ்டராக 1996இல் திறக்கப்பட்ட ‘மான்டிஸ்’, 2015இல் அதே தண்டவாளத்தில் அமர்ந்து செல்லும் ‘ரூகரூ’வாக மாற்றப்பட்டது, உட்கார்ந்ததற்காக ஒரு கிரெடிட் கோருவது நியாயமா? 1991இன் ‘மீன் ஸ்ட்ரீக்’ என்ற மரக் கோஸ்டரின் சட்டங்களைப் பெருமளவு தக்கவைத்து, மேலே எஃகுத் தண்டவாளம் பதித்து, 2018இல் ‘ஸ்டீல் வெஞ்ஜன்ஸ்’ எழுப்பப்பட்டது. மரம் பழையது, பாதை புதியது என்னும்போது பேரேட்டில் என்ன எழுதுவது? இக்கேள்விகளுக்குத் தமக்குச் சாதகமான விடையைத் தருபவர் இழிவாகவும், பாதகமான விடையைத் தந்து தம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்பவர் சான்றோராகவும் மதிக்கப்படுகின்றனர். சான்றோர் குறைவு.

இவ்விவாதங்களுள் தலையாயது பின்வழுக்கலைப் பற்றியது. 2003இல் திறக்கப்பட்ட ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’, தொடரைச் சில நொடிகளில் மணிக்கு 120 மைல் வேகத்துக்கு உந்தி 420 அடி உயரக் கோபுரத்தை ஏறச் செய்தது. உந்துவிசை சற்றுக் குறைந்தாலோ எதிர்க்காற்று வீசினாலோ தொடர் உச்சியை எட்டாமல் வந்த வழியே பின்னோக்கிச் சரிந்து, பாதையிலுள்ள தடைகளால் நிறுத்தப்பட்டு, மறுபடியும் ஏவப்படும். பொதுமக்கள் இதை விபத்தென்று எண்ணி வெளிறிப்போக, அது நிகழாதா என்று ஆண்டுக்கணக்கில் ஏங்கிக் கிடந்த ஆர்வலர், காற்று தம்மை நோக்கி வீசும் நாளாகப் பார்த்து வரிசையில் நின்றதுண்டு. பின்வழுக்கல் வாய்த்தவர் தம் வட்டாரத்தில் பெரும்பேறு பெற்றவராகக் கருதப்பட்டார். எனினும் முழுச் சுற்று முடியாமையால் அவ்வேற்றத்துக்குக் கணக்கில் இடமில்லை என்ற சட்டச் சிக்கலும் உடனெழுந்தது. பின்னர் அக்கோஸ்டர் பின்புறம் இன்னொரு 420 அடிக் கோபுரத்தோடு ‘டாப் த்ரில் 2’ ஆக 2024இல் மறுபிறவி எடுத்து, முன்னும் பின்னுமாக ஓடிய பிறகே உச்சியைக் கடக்கும்படி அமைக்கப்பட்டுவிட்டதால், முன்பு சிலருக்கு மட்டும் வாய்த்த பின்வழுக்கல் இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிய யாருக்கும் கிடைக்கிறது. மூத்த ஆர்வலர்கள் இதைச் சீரழிவு என்கின்றனர்.

இழப்புகளையும் இவர்கள் கணக்கில் வைக்கின்றனர். நியூ ஜெர்சியில் 456 அடி உயரத்தோடு நின்ற ‘கிங்டா கா’ 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, அதில் ஏறியிருந்தவர்கள் துயரத்தோடும், ஏறாதிருந்தவர்கள் அதைவிட ஆழ்ந்த, தன்னிரக்கம் கலந்த துயரத்தோடும் வாடினர். சீடர் பாயின்டின் ‘மேவரிக்’ கோஸ்டரில் 2007இல் திறப்புக்கு முன்பே அகற்றப்பட்ட சுழற்சி ஒன்றுக்காக, பொதுமக்களில் ஒருவரும் அதில் சுழன்றதில்லை என்ற நிலையிலும், இன்றுவரை வருந்துவோர் உளர்.

ஆர்வலரின் பேரேட்டைக் குலைக்கும் ஆற்றல் வானிலைக்கு மட்டுமே உண்டு. ஈரி ஏரியின் மேல் மேகம் திரண்டு மின்னல் தென்பட்டால் உயரமான கோஸ்டர்கள் அனைத்தும் நிறுத்தப்படும். பொதுமக்கள் கூரை தேடி ஓடும் அவ்வேளையில் இவர் மழையில் நனைந்தபடி, எந்தக் கோஸ்டருக்கு முதலில் பணியாளர் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆளில்லாத தொடர் ஒன்று சோதனையோட்டத்துக்கு ஏவப்பட்டதும், அந்த விசித்திர நடை மீண்டும் தொடங்குகிறது.

இவ்வளவுக்கும் இவரோடு உடன் வந்திருக்கும் மனைவியைப் பற்றி ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தியதில்லை. காலையில் இரண்டு கோஸ்டர்களில் ஏறி, இரண்டிலும் மனம்விட்டு அலறி, இறங்கிச் சிரித்து, பிறகு நிழலில் அமர்ந்து எலுமிச்சைச் சாறு அருந்திக்கொண்டிருந்த அவ்வம்மையார், இரவு விடுதி அறையில் கணவர் மடிக்கணினியைத் திறந்து அன்றைய பதினேழையும் பதிந்து, காற்றினால் மூடப்பட்ட பதினெட்டாவதற்கு எதிரே ஒரு கேள்விக்குறியை இட்டு நிமிரும்போது, எல்லாவற்றிலும் எது நன்றாக இருந்தது என்று கேட்கிறார். மாலையில் சக்கரங்கள் சூடேறிய பிறகு பின்னிருக்கையில் இரண்டாம் முறை ஏறிப் பார்க்காத நிலையில் தரவரிசை கூறுவது முறையாகாது என்று அவர் விடையளிக்கிறார். நாளை வேறு ஊருக்குப் போவதாகத்தானே ஏற்பாடு என்று மனைவி நினைவூட்டுகிறார். ஊர் எங்கும் போய்விடாது, ஆனால் கேள்விக்குறியை இப்படியே விட்டுச் செல்வது சரியன்று என்று கூறிவிட்டு, அவர் மறுநாளின் காற்று வேகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்.